மெதுவாகப் போட்ட பந்து

புனிதவதிக்குப் பந்து போடத் தெரியும் என்பது ஏழாம் கட்டைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கல்யாணமாகி வந்த புதிதில் லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பள்ளிக்கூடக் கெண்டீனில் வேலை முடித்து வந்த கையோடு, கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருத்தி புருஷன் பக்கம் பந்து எறிகிறாள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பிறகு அந்தப் புருஷன் சேது தேசிய கிரிக்கெட் அணிக்கு விக்கெட் கீப்பராகப் போனான். பத்திரிகையில் படம் வந்தது. சிரித்த வாய்களே பக்கத்து ஊரான அசாம் ஜாவா கடைகளில் நின்று, "எங்க புனிதா போட்ட பந்துல பழகுன கைலா அது" என்று பீற்றிக்கொண்டன.

பந்து போடும் இடம் பழைய கித்தா ஸ்டோர், ஒரு காலத்தில் ரப்பர் பதப்படுத்திய கட்டடம். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. ஸ்டோருக்குக் கூரை போய், கதவு போய், ஒரு பக்கத்துச் சுவர் மட்டும் திடமாக நிற்கிறது. சேது அந்தச் சுவரைப் பார்த்துக் குந்துவான். புனிதவதி அவனுக்குப் பின்னால் நின்று, வாளித் தண்ணீரில் ஊறும் டென்னிஸ் பந்துகளில் ஒன்றை எடுத்து அவன் தோளுக்கு மேலாகச் சுவரில் அடிப்பாள். பந்து சுவரில் ஓர் ஈர வட்டம் வைத்துவிட்டுத் திரும்பி வரும். எந்தப் பக்கம் வரும் என்று அவனுக்குத் தெரியாது. சமயத்தில் அவளுக்கே தெரியாது. அவன் கண் சுவரை விட்டு அசையாது என்பதால், இத்தனை வருஷத்தில் அவள் கையை வீசும் அழகை அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பார்க்காதது நல்லதாகப் போயிற்று என்று அவள் இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அது ஆரம்பித்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழைக்கு முந்திய சாயங்காலம், வானம் முழுக்க மூடிக் கிடந்தது. சுவரில் பட்ட பந்து திரும்பி வந்து நேராக அவன் கழுத்தடியில் அடித்தது. கை மேலே வந்ததுதான், ஆனால் பந்து பட்ட பிறகு வந்தது. சேது கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, "கண்ணுல வெயில் அடிச்சிருச்சு" என்றான். வெயிலே இல்லை. மறுநாள் வாளியிலிருந்து பந்தை எடுத்தபோது அவள் தோளே தானாக ஒரு சுருதி இறங்கிக்கொண்டது. அவள் திட்டம் போட்டுச் செய்யவில்லை. மாமனாருக்குச் சர்க்கரை வியாதி வந்தபோது கோப்பியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சீனியைக் குறைத்தாளே, கிழவரும் இன்றுவரை நாக்கைச் சப்புக் கொட்டிக் குடித்துக்கொண்டிருக்கிறாரே, அப்படித்தான் இதுவும் நடந்தது. பந்து கொஞ்சம் கொஞ்சமாக மெதுவானது. சேது எல்லாவற்றையும் பிடித்தான்.

"கை இன்னும் இருக்கு புனிதா" என்பான், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

"இருக்குங்க" என்பாள்.

திடலில் பந்து போடுகிறவர்களுக்கு இந்த ஏற்பாடெல்லாம் தெரியாதே. மாமனார் காளியண்ணனோடு உட்கார்ந்து கைப்பேசியில் ஆட்டம் பார்ப்பாள். மட்டையின் ஓரத்தைத் தொட்ட பந்து சேதுவின் கையுறையில் பட்டுத் தெறித்து விழும். காளியண்ணனுக்கு விளையாட்டு ஒன்றும் புரியாது. மகன் பந்தைத் தொட்டுவிட்டான் என்று கை தட்டுவார். அவளும் சேர்ந்து தட்டுவாள். அணியில் நிமலன் என்று கிள்ளானிலிருந்து வந்த ஓர் இளம் கீப்பர் இருந்தான். நல்ல பிள்ளை, "அண்ணே அண்ணே" என்று சேதுவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பான். அந்தப் பிள்ளை ஓடி வருவதைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு கனக்கும்.

அந்த ஆண்டு ஆடியில் காட்டுத் தீயின் புகைமூட்டம் வந்து தங்கிவிட்டது. காலையும் மாலையும் ஒரே நிறமாக இருந்தன. சூரியன் சிவந்து, சூடில்லாமல், கண் கூசாமல் பார்க்கலாம் போல இருந்தது. செம்பனை மரங்களுக்குக் காலே தெரியவில்லை, மட்டைகள் மட்டும் மேலே மிதந்தன. சைக்கிளில் போகிறவர்கள் முதலில் மணியோசையாக வந்து, பிறகு ஆளாகி, மறுபடியும் மணியோசையாகிப் போனார்கள். அப்படிப்பட்ட நாட்களில் புனிதவதிக்கு வேலை செய்வதும் தூங்குவதும் ஒன்றுபோல இருந்தது. விடியுமுன் எழுந்து தேங்காய்ப்பாலில் வாசனைக்குப் பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு அரிசியை ஏற்றுவாள். மிளகாய்ச் சம்பால் கொதிக்கும். நெத்திலி பொரியும். கை பாட்டுக்குப் பழுப்புத் தாளில் பொட்டலங்களை மடக்கும், மனம் பாட்டுக்கு எங்கோ போகும். கெண்டீனை மூடிவிட்டு வந்து, பயிற்சியில்லாத நாளாக இருந்தால் தரையில் படுத்துத் தூங்கும் சேதுவின் பக்கத்தில் அவளும் படுப்பாள். மின்விசிறி சுற்றும். தூக்கத்தில் அவன் விரல்கள் விரிந்து மூடும், எதையோ பிடித்து மார்போடு அணைக்கும். கனவில் வரும் பந்துகள் எல்லாம் அவனுக்குக் கிடைத்துவிட்டன என்று அவள் நினைத்துக்கொள்வாள். மகள் சபாக் பெர்ணத்தில் விடுதியில் தங்கிப் படித்ததால் வீட்டில் அந்த நேரத்துக்கு வேறு சத்தம் கிடையாது.

கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கெண்டீனுக்கு நெத்திலி வாங்கத் தஞ்சோங் காராங் போய்த் திரும்பினாள். வழியெல்லாம் விதைப்புக்குத் தண்ணீர் விட்ட வயல்கள். வானமும் வயலும் ஒரே புகையில் ஒட்டிக் கிடந்ததில் கார் எதன்மேல் போகிறது என்றே தெரியவில்லை. அசாம் ஜாவா முச்சந்தியில், டியூசன் விளம்பரத்துக்கும் டுரியான் விளம்பரத்துக்கும் நடுவில், புதுப் பேனர் ஒன்று தொங்கியது. அதில் அவள் புருஷன் பறந்துகொண்டிருந்தான்.

பழைய படம். பத்து வருஷம் இருக்கும். பக்கவாட்டில் பாய்ந்து, தரையைத் தொடாமல், ஒரு கையில் பந்து. சுற்றிலும் கோயில் நிர்வாகக் குழுவினரின் படங்கள், சேதுவின் தலையைவிடப் பெரிய தலைகளாக. கீழே எழுதியிருந்தது: 'கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெறும் எங்கள் மண்ணின் மைந்தன் கா. சேது அவர்களுக்கு ஆடித் திருவிழாவில் பாராட்டும் பொன்னாடையும்.'

காரை ஓரமாக நிறுத்தினாள். அப்பாடா என்றிருந்தது. முதலில் வந்தது அந்த நிம்மதிதான், பதற்றமெல்லாம் அதற்குப் பின்னால்தான் வந்தது. அப்புறம்தான் தன்மேலேயே வெறுப்பு வந்தது. சேது ஓய்வு பெறவில்லை. வருகிற செப்டம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது, அவ்வளவுதான். திருவிழா முடிந்த திங்கட்கிழமை தகுதித் தேர்வுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதில் தேறினால் இன்னும் ஒரு வருஷம். தேறிவிடுவேன் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது காளியண்ணன் வாசலில் நாற்காலி போட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, சிம்பாங்ல பேனர் தொங்குது. யாரு வேலை அது?"

"அதுக்குள்ள தொங்கவுட்டானா? பரவால்லயே சிவானந்தம். படம் நல்லா வுழுந்திருக்கா தாயி?"

"படம் நல்லாத்தான் இருக்கு. அவரு ஓய்வு பெறுறாருன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

"அவனேதான் சொன்னான்."

"எப்ப?"

"போன வாரம் போன்ல பேசிக்கிட்டிருந்தான். செப்டம்பரோட காண்ட்ராக் முடியுதுன்னு. இந்தக் காதால கேட்டேன். உடனே செருப்ப மாட்டிக்கிட்டுக் கோயில் தலைவர் சிவானந்தம் வூட்டுக்குப் போயிட்டேன்."

"ஐயோ மாமா. முடிஞ்சா மறுபடியும் போடுவாங்க. ஓட வுட்டுப் பாப்பாங்க, புடிக்க வுட்டுப் பாப்பாங்க. பாஸானா இன்னொரு வருஷம்."

காளியண்ணன் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"யாருக்கும்மா மறுபடியும் போட்டாங்க? எனக்குக் காண்ட்ராக் முடிஞ்ச அன்னிக்கு, அருவாளக் கொண்டாந்து ஸ்டோர்ல வைன்னுட்டான் மண்டோர். அதே சாயங்காலம் வேற ஒரு பையன் கையில குடுத்துட்டான். முடியுதுன்னா முடியுதுதான். காண்ட்ராக்கப் பத்தி எனக்கா நீ சொல்ற?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தத் தோட்டத்தில் அதுதான் வழக்கம். வேலை முடிந்து போகிறவர்களை அந்த ஆண்டு ஆடித் திருவிழாவில் மேடையேற்றி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். வேலை இருக்கிறவரை நேரம் பார்க்க விடாமல் வைத்திருந்துவிட்டு, போகும்போது கடிகாரம் கொடுக்கிறார்களே என்று யாரும் கேட்டதில்லை. காளியண்ணனுடையது கூடத்தில் தொங்குகிறது, எப்போதும் கொஞ்சம் பிந்தி ஓடும்.

"அவரு வந்தா என்னா சொல்லப் போறீங்க?"

"என்னாத்தச் சொல்றது? ஆடிக்குள்ள பேரு குடுக்கலன்னா அடுத்த ஆடிதான். அதுக்கு நான் இருக்கனோ இல்லியோ. என் மவனுக்குப் பொன்னாட போத்தறத என் கண்ணால பாக்க வேணாமா?" குரல் கம்மியது. பிறகு கோப்பையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து. இன்னிக்கு நல்லா இனிப்பா இருக்கு."

சேது சாயங்காலம் வந்தான். முச்சந்தியில் பார்த்துவிட்டுத்தான் வந்தான் என்பது கார்க் கதவைச் சாத்திய சத்தத்திலேயே தெரிந்தது. ஆனால் உள்ளே வந்தவன் சிரித்தான். அப்பனைப் பார்த்துச் சிரித்தான், அவளைப் பார்த்துச் சிரித்தான், சட்டையைக் கழற்றிக்கொண்டும் சிரித்தான்.

"என்னைய வூட்டுக்கு அனுப்பிட்டீங்களேப்பா, ஒரு வார்த்த கேக்காம!"

"உன் தல சின்னதா போட்டுட்டானாமே?"

"அதான் இப்ப கவலையா?"

சிவானந்தத்துக்கு போன் போட்டான். கோயில் தலைவர் சிவானந்தம் இரண்டு லோரிகளுக்குச் சொந்தக்காரர், போனிலும் லோரி ஓட்டுகிற மாதிரிதான் பேசுவார்.

"தலைவரே, பேனர்ல ஒரு சின்ன தப்பு."

"ஸ்பெல்லிங்கா? நான் அப்பவே சொன்னேன் கடக்காரன்ட்ட!"

"இல்லலா. நான் இன்னும் ரிட்டயர் ஆவல."

"சேது, படத்த வாட்ஸ்அப்புல போட்டாச்சேப்பா. சுங்கை பெசார் வரைக்கும் போயிருச்சு. எல்லாரும் வாழ்த்துச் சொல்றாங்க. சரி, உனக்கு வயசும் முப்பத்தெட்டாச்சு இல்ல? நீ வேணா நாளைக்கு யோசிச்சுச் சொல்லேன். கழட்டணும்னா கழட்டிறலாம்."

யோசிக்க என்ன இருக்கிறது என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் கைப்பேசியில் அதற்குள் செய்திகள் விழ ஆரம்பித்திருந்தன. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தான். பழைய ஆட்டக்காரர்கள், பள்ளிக்கூட நண்பர்கள், ஜெராமிலிருந்து ஒரு மீன் கடைக்காரர். அணி மேலாளரும் அனுப்பியிருந்தார்: நல்ல நேரத்தில் எடுத்த நல்ல முடிவு, பிரதர். முதலில் வேடிக்கையாகத்தான் படித்தான். போகப் போக வேடிக்கை குறைந்தது. கடைசியில் விரல் மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

மறுநாள் நிமலன் கூப்பிட்டான். சேது ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அவளும் கேட்டாள்.

"அண்ணே, ட்ரூவா அண்ணே? எங்ககிட்டச் சொல்லவே இல்லையே?"

"யாரு சொன்னா?"

"குரூப்ல வந்திச்சு. அண்ணே, நீங்க இல்லாட்டி நான் இல்ல. அவ்ளோ கத்துக் குடுத்தீங்க. எனிவே... தேங்க்ஸ் அண்ணே."

சேது போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "எதுக்குலா தேங்க்ஸ் சொன்னான்?" என்று கேட்டான். அவள் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

சாயங்காலம் ஆனந்தராஜா வாத்தியார் பேசினார். கோலா சிலாங்கூர்ப் பள்ளியில் கால்பந்துத் திடலுக்குப் போன பையனைப் பிடித்து இழுத்து, கையில் கையுறையை மாட்டிவிட்டவர் அவர்தான். வயதாகி இப்போது மகளோடு இருக்கிறார். அவர் பெயரைத் திரையில் பார்த்ததும் சேதுவின் முகம் தெளிந்ததை அவள் பார்த்தாள். அவர் ஒருத்தராவது கேட்பார் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது.

"தம்பி சேது, கேள்விப்பட்டன். நல்ல முடிவு எடுத்திருக்கிறாய். நானே சொல்ல வேணும் எண்டு கனநாளா நினைச்சனான். உன்ர மனம் நோகும் எண்டுதான் பேசாமல் இருந்தனான்."

"சரிங்க சார்."

"சந்தோசமா இரு என்ன."

"சரிங்க சார்."

வெளியில் புகை இன்னும் தடித்திருந்தது. சேது வாசலில் போய் நின்றான். தெருவிளக்கு நேரத்துக்கு முன்னாலேயே எரிந்தது. அவள் துணியை மடித்துக்கொண்டு வந்து பின்னால் நின்றபோது திரும்பாமலே பேசினான்.

"இத்தன பேரு பேசிட்டாங்க புனிதா. ஒருத்தன்கூட ஏன்னு கேக்கல."

அவள் மடித்த துணியையே மறுபடியும் மடித்தாள்.

"இன்னும் ஆடலாமேலா, ஏன் போறன்னு ஒருத்தன் கேட்டா போதும். பொய்க்காச்சும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். புகையாகவும் இருக்கலாம். "பரவால்ல. திங்கக்கிழமை போயி நின்னு காட்டறேன். அந்த வயசுப் பசங்க முன்னால ஒன்னுகூட விடாம புடிச்சுக் காட்டறேன். கை இருக்கு இல்ல? வேற யாருக்குத் தெரியும், நீதானே தினம் பாக்கற? நீ சொல்லு. கை இருக்கா இல்லையா?"

இத்தனை நாள் 'இருக்குங்க' என்று எவ்வளவு சுலபமாக வந்தது! வரப்போகும் திங்கட்கிழமையை அவள் மனக்கண்ணால் பார்த்தாள். வேகப் பந்து, நெஞ்சில் ஓர் அடி, சுற்றி நிற்கும் பிள்ளைகள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்ப்பது. சொன்னால் இன்றைக்கு உடைவான். சொல்லாவிட்டால் அன்றைக்கு, எல்லார் முன்னாலும், அவள் இல்லாத இடத்தில் உடைவான்.

"கையுறைய எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள். "இன்னிக்கு இன்னும் பந்து போடலையே."

சுவர் புகைக்குள் பாதியாகத்தான் தெரிந்தது. சேது குந்தினான். முழங்கால் ஒன்று சொடுக்கியது. அவள் வாளியில் கையை விட்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. பந்தை எடுத்தாள், பிழியவில்லை. இரண்டு வருஷமாகப் பூட்டி வைத்திருந்த தோளைத் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வீசினாள்.

சுவரில் அடித்த சத்தத்திலேயே அவன் தலை லேசாக நிமிர்ந்தது. பந்து அவன் காதை ஒட்டிப் போய் அவளுக்கும் பின்னால் செம்பனைக்குள் விழுந்தது.

"வழுக்கிருச்சு" என்றான். எது வழுக்கியது என்று சொல்லவில்லை. "போடு."

அடுத்தது கையுறையில் பட்டுத் தெறித்தது. அடுத்தது தோளில். அதற்கடுத்ததை இடப்பக்கம் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தான், பேனரில் இருந்த அதே பாய்ச்சல். அவளுக்குத் தன்னை மறந்து சந்தோஷம் பொங்கியது, ஒருவேளை நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ, இவனுக்கு எல்லாம் இருக்கிறதோ என்று. இன்னொன்று போட்டாள். விட்டான். இன்னொன்று. விட்டான். கண்ணீர் வழிந்து வாய்க்குள் உப்பாக இறங்கியது. துடைத்தால் வீச்சு குறையும் என்று துடைக்காமல் போட்டாள். அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. "போடு", "போடு" என்பது மட்டும் கேட்டது. கடைசியில் வாளியில் தண்ணீர்தான் இருந்தது.

சுவர் முழுக்க ஈர வட்டங்கள். சேது அவை ஒவ்வொன்றாகக் காய்வதைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தான்.

"எப்ப இருந்து?" என்றான்.

"கழுத்துல பட்டுச்சே ஒரு நாளு. அதுல இருந்து."

"அன்னிக்கு வெயில் இல்ல."

"இல்லீங்க."

"அப்பாவுக்குச் சீனி கொறச்ச மாதிரி."

அவன் அதைக் கவனித்திருந்தான் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவன் பார்க்கவில்லை என்பது உறைத்து, "ஆமாங்க" என்றாள்.

எழுந்தான். பந்துகளைப் பொறுக்க மரங்களுக்குள் போனான். அவளும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். மட்டைகளுக்குக் கீழே இருட்டும் புகையும் கலந்து கிடந்தன. இரண்டு பேரும் குனிந்து தடவித் தடவித் தேடினார்கள். சில சமயம் கைக்கு வந்தது பந்தாக இருந்தது, சில சமயம் உதிர்ந்த செம்பனைப் பழமாக இருந்தது.

"கோவமா வருது" என்றான் அவன், எங்கோ ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து. "உம்மேலயா எம்மேலயான்னுதான் தெரியல."

"எம்மேலயே வைங்க."

"மெதுவா போடறது கஷ்டம்லா புனிதா. வேகமா எவனும் போட்டுருவான். தினம் ஒரே மாதிரி மெதுவா போடணும்னா..." முடிக்கவில்லை. ஒரு பந்து வாளிக்குள் வந்து விழுந்தது. அவ்வளவு இருட்டிலும் குறி தப்பவில்லை.

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. காளியண்ணன் மட்டும் இரண்டு பேர் பங்கு மீன் குழம்பையும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, மேடைக்கு எந்தச் சட்டை பொருந்தும், பொன்னாடை சிவப்பா மஞ்சளா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானம் தரையில் படுத்துத் தூங்கும்போது சேதுவின் கைகள் மார்பின்மேல் சும்மா கிடந்தன. அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கையை அதற்குள் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன.

பேனரைக் கழற்றச் சொல்லி சேது சிவானந்தத்தைக் கூப்பிடவே இல்லை. அணி மேலாளரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வரவில்லை என்று மட்டும் சொன்னான்.

திருவிழாவுக்கு முந்திய இரவு மழை கொட்டியது. புகை எங்கே போனதென்று தெரியவில்லை. செம்பனைகளுக்குக் கால் முளைத்தது. கோயில் முன்னால் கூடாரம், சீரியல் விளக்கு, உடைந்த ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு, ஐஸ் கச்சாங் கடை. மேடையில் அந்த ஆண்டு வேலை முடித்தவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். களை மருந்து அடித்த நல்லம்மாள், டிராக்டர் ஓட்டிய சன்னாசி, அவர்களுக்கு நடுவில் நரை தெரியாமல் சேது. காளியண்ணன் முதல் வரிசையில் சலவைச் சட்டையோடு இருந்தார்.

சிவானந்தம் நீளமாகப் பேசினார். நடுவில் சேதுவை இரண்டு தடவை பந்து வீச்சாளர் என்றார். மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது. காளியண்ணன் எழுந்து நின்று கை தட்டினார், தட்டிக்கொண்டே அழுதார். மகன் ஆடியது என்ன விளையாட்டு, எதற்காக இந்தக் கௌரவம் என்பதெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. கடிகாரத்தைக் கொடுத்ததும் ஒலிவாங்கியைச் சேதுவிடம் நீட்டினார்கள்.

"எல்லாரும் வந்ததுக்கு நன்றி" என்றான் சேது. "எங்கப்பாதான் பேரு குடுத்தாரு. சரியாத்தான் குடுத்திருக்காரு." கூட்டம் சிரித்தது. "இனிமே ஆடல." அதோடு ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டான்.

கீழே இறங்கியதும் வரிசையாக வந்து கை குலுக்கினார்கள். நல்ல முடிவு என்றார்கள். சரியான நேரம் என்றார்கள். மரியாதையோடு போறது பெரிசுலா என்றார் ஒருவர். சேது ஒவ்வொருவருக்கும் சிரித்துத் தலையாட்டினான். புனிதவதி பொங்கல் சோற்றுத் தட்டோடு தூண் பக்கத்தில் நின்று அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை முடிந்தது. அவள் அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க" என்றாள், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படியாக. "ஏன் இப்பவே போறீங்க? இன்னும் ஒரு வருஷம் ஆடியிருக்கலாமே."

சேது அவளை நிமிர்ந்து பார்த்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் பந்து போடும்போது அவள் முகத்தைப் பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை. அந்தக் கேள்வியை எவ்வளவு மெதுவாகப் போடுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

"போதும் புனிதா" என்றான். "நல்லா ஆடிட்டேன்."

"ஆமாங்க" என்றாள் அவள். "நல்லாத்தான் ஆடுனீங்க."

பின்னால் காளியண்ணன் கடிகாரத்தைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, இதற்குப் பேட்டரி போட்டுத் தருவார்களா, நாம்தான் வாங்க வேண்டுமா என்று சிவானந்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.